நல்லதாக விழுந்த படம்

றமீலா மக்காவுக்குப் போய் மூன்றாம் நாள் மகள் ஸனாவின் கை வெந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். அரூஸ் சாப்பாட்டு மேசையில் கரண்ட் கேத்தலை வைத்துத் தண்ணீர் கொதிக்கவைத்திருந்தான். குசினியில், சமையல் மேடைச் சுவரோடு ஒட்டித்தான் அதை வைக்க வேண்டும் என்று மனைவி றமீலா போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வயர் தொங்காதபடி சுருட்டி ஒரு றப்பர் பட்டியும் போட்டிருந்தாள். மேசையிலேயே தேத்தண்ணீர் ஊற்றினால் இரண்டு நடை மிச்சம் என்று அந்தப் பட்டியைக் கழற்றியவன் அரூஸ்தான்.

பேக்கரிப் பாண்காரரின் த்ரீவீலர் பாட்டுப் போட்டுக்கொண்டு வீதியில் வந்தது. ஸனா ஜன்னலுக்கும் மேசைக்கும் இடையில் குதித்தாள்.

"வாப்பா, பணிஸ்! சீனி போட்ட பணிஸ்!"

வீடு மேல்மாடியில். கீழே அவனுடைய திரைச்சீலைத் துணிக் கடை. பக்கத்து மாடி வீட்டில் அவனுடைய அக்கா, ஜெஸீமா ராத்தா இருந்தாள். அன்றைக்கு அவள் அக்குறணையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தாள். "இங்கயே நில்லுங்க மகள், வாப்பா ஓடிப் போய் வாறேன்" என்று சொல்லிவிட்டு அரூஸ் படியிறங்கினான். பாண்காரர் மிச்சக் காசை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் மேலேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. அது அழுகை மாதிரியே இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு வரும் பஸ்களின் இரைச்சலையும் தாண்டி வந்தது.

கதிரை மேசையோடு இழுபட்டுக் கிடந்தது. கேத்தல் தரையில் உருண்டிருந்தது. ஸனா இடது கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அது தன்னுடைய கை இல்லை என்பதுபோல அதையே பார்த்துக் கத்திக்கொண்டு நின்றாள். சட்டைக் கை ஈரமாக ஒட்டியிருந்தது. அதைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வருவதை அரூஸ் கண்டான். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சின்ன வயதில் யாரோ செய்து பார்த்த ஞாபகத்தில் பற்பசையை எடுத்துக் கை முழுக்கப் பூசினான். பிள்ளை இன்னும் கத்தினாள். பிறகு தூக்கிக்கொண்டு படியிறங்கினான். பாண்காரர் தன் தட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணி, அதே த்ரீவீலரில் அவர்களைக் கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவசரத்தில் பாட்டை நிறுத்த மறந்துவிட்டார். மகாவலிப் பாலத்தின் மேல் அந்தப் பாட்டும் பிள்ளையின் கதறலும் சேர்ந்தே போயின.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, அம்மா எங்கே என்பதுதான். சிறுபிள்ளைகள் வார்டில் அம்மாமார்தான் தங்கலாம். அரூஸ் சிங்களத்தில் நன்றாகவே பேசுவான். தாதிக்கும் மருந்தாளருக்கும் வாசற் காவலாளிக்கும் எல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னான். ஆனால், மெலிந்த உயரமான ஒரு வைத்தியர் வந்து, கையைப் பார்த்துக்கொண்டே, "என்ன நடந்தது? ஆறுதலாச் சொல்லுங்கோ" என்று தமிழில் கேட்டபோது அவனுக்கு வாய் கோணிப்போய்விட்டது. சுவரைப் பார்த்து நின்று கொஞ்ச நேரம் அழுதான்.

அவர் பெயர் கஜாலினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"பற்பசையோ பூசினீங்கள்?"

"ஓ, டொக்டர்."

"இனி இப்பிடி ஏதும் எண்டா பைப்புத் தண்ணியில இருபது நிமிசம் பிடியுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்." அதைச் சொன்ன விதத்தில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதுவே அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கையைக் கழுவித் துடைத்து மருந்து போடுவதற்கு முன், கஜாலினி தன் போனை எடுத்து ஸனாவின் கையைப் படம் பிடித்தார். மணிக்கட்டுக்கு மேலேயிருந்து முழங்கை தாண்டி இரண்டு விரல் தூரம், வெளிப்பக்கமும் உட்பக்கமும். பக்கத்தில் ஒரு பேனையை வைத்தார், காயத்தின் அளவு தெரியவேண்டும் என்று. "முதல் நாள் படம் இருந்தாத்தான் பிறகு ஆறுதோ இல்லையோ எண்டு எங்களுக்குத் தெரியும்" என்றார்.

ஜெஸீமா கலியாண வீட்டுச் சாரியோடேயே ஓடிவந்தாள். இரண்டு இரவு அவளே வார்டில் தங்கினாள். அரூஸ் பகலில் உள்ளேயும் மற்ற நேரம் வெளி வாங்குப் பலகையிலுமாக இருந்தான். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை வீட்டிலேயே கட்டை அவிழ்த்து, கழுவி, வெள்ளை மருந்து பூசி, திரும்பக் கட்ட வேண்டும். அடுத்த கிழமை வியாழன் கிளினிக்.

"கட்டு அவிழ்க்கிற நேரம் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ" என்று கஜாலினி தன் இலக்கத்தைக் கொடுத்து, முதல் நாள் எடுத்த படங்களையும் அவனுடைய போனுக்கு அனுப்பினார். "ஜன்னலடியில வைச்சு எடுங்கோ. ஃப்ளாஷ் போடாதேங்கோ. கையைத் திருப்பி எல்லாப் பக்கமும் எடுக்கவேணும், சரியே? காய்ச்சல் வந்தா, மணம் வந்தா, படம் ஒண்டும் வேண்டாம். நேர கொண்டு வாங்கோ."

அரூஸ் தலையாட்டினான்.

றமீலாவுக்குச் சொல்லவில்லை. முதல் நாள் பின்னேரம் ஆஸ்பத்திரி விறாந்தையில் நிற்கும்போது அவள் வீடியோவில் கூப்பிட்டாள். அவன் அதை வெட்டிவிட்டு, சாதாரண அழைப்பில் எடுத்தான்.

"நெட்வேர்க் சரியில்ல."

"ஸனா எங்க?"

"தூங்குறா."

"மகரிபுக்கு முன்னுக்கே தூங்குறாளா? காய்ச்சலா?"

"இல்ல இல்ல. விளையாடிக் களைச்சுப் போன."

றமீலா அவளுடைய உம்மா வாப்பாவோடு உம்ரா யாத்திரைக்குப் போயிருந்தாள். அவள் வாப்பாவின் கால்கள் இரண்டும் வீங்கிப்போய், சக்கரக் கதிரையில் வைத்துத்தான் தள்ளிக்கொண்டு கஃபாவைச் சுற்றித் தவாபு செய்ய வேண்டியிருந்தது. தள்ளியது றமீலாதான். பதினைந்து நாள் பயணம். எட்டு வருஷமாகப் பேசிப் பேசிச் சரிவந்த பயணம். "கஃபத்துல்லாவக் கண்ணால கண்ட உடனே நம்மட ஸனாக்குத்தான் முதல் துஆ கேட்ட" என்று அவள் அழைப்பின் கடைசியில் சொன்னாள். அரூஸ் "ம்" என்றான்.

"இப்பச் சொன்னா அவ அங்க பைத்தியமாப் போவா. வாறதுக்கும் ஏலாது, இருக்கிறதுக்கும் ஏலாது. வந்த பொறகு சொல்லுவோம்" என்று ஜெஸீமாவிடம் சொன்னான். ஜெஸீமாவுக்கு அதில் சம்மதம் இல்லை. ஆனாலும் அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அரூஸுக்கு அது பாதிக் காரணம்தான். மற்றப் பாதி அந்த றப்பர் பட்டி. அதை அவன் ராத்தாவிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அரூஸின் போனில் இரண்டு வகைப் படங்கள் சேரத் தொடங்கின.

றமீலா ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும், "புள்ளைட ஃபோட்டோ ஒண்டு அனுப்புங்க" என்று கேட்பாள். அவன் ஸனாவைத் தலையணையில் சாய்த்து, போனைக் கிட்டப் பிடித்து, முகத்தை மட்டும் எடுப்பான். நாடிக்குக் கீழே எதுவும் விழாது. சிரிக்கவைக்க ஒரு சொக்கலட் பிஸ்கட். சிரிக்காவிட்டால் வாய் திறந்திருக்கும் ஒரு நொடியைப் பிடிப்பான், அது சிரிப்பு மாதிரித் தெரியும். "மாஷா அல்லாஹ்" என்று பதில் வரும். ஒரு முறை, "கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி ஈக்கி. ஒழுங்காச் சாப்பிடுறாளா?" என்று வந்தது. "நல்லாச் சாப்பிடுறா" என்று எழுதினான்.

வியாழக்கிழமை முதல் தடவையாக வீட்டில் கட்டை அவிழ்த்தார்கள். ஜெஸீமா கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஒட்டியிருந்த மருந்துத் துணியை அங்குலம் அங்குலமாக விலக்கினாள். ஸனா, "மாமி வேணாம், மாமி வேணாம்" என்று கெஞ்சினாள். பிறகு கெஞ்சுவதை விட்டுவிட்டு உம்மாவைக் கூப்பிட்டாள். அரூஸ் அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் போனைத் தூக்கினான்.

ஏழெட்டுப் படம் எடுத்தான். பிள்ளை அசைந்ததில் சிலது கலங்கிப்போயிருந்தன. தெளிவாக விழுந்ததில் ஒன்றில் கை வெளிறிய ரோஸ் நிறத்தில், கிட்டத்தட்ட ஆரோக்கியமாகவே தெரிந்தது. அதை அனுப்பினான். பத்து நிமிஷம் கழித்துக் கஜாலினி, "நல்லம். இப்படியே தொடருங்கோ" என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் நான்கு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் விலகியது. அன்றைக்குப் பின்னேரம் கடையைத் திறந்தான். யாராவது துணி வாங்க வந்தால் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு, போனை எடுத்து அந்த "நல்லம்" இருக்கிறதா என்று மறுபடி பார்த்தான்.

சனிக்கிழமை இரண்டாவது கட்டு. அன்று காலையிலிருந்து மழை. ஜன்னலில் வெளிச்சம் குறைவு. துணி விலகியதும் ஜெஸீமா கையைத் திருப்பி, முழங்கையின் உட்பக்கத்தை நெருங்கிப் பார்த்தாள்.

"தம்பி, இந்த எடம் பாருங்க. சுத்திச் சிவந்தீக்கி. அண்டைக்கு இப்பிடி இல்ல."

அரூஸ் பார்த்தான். ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியளவு இடத்தில் மஞ்சள் படிந்திருந்தது. அதைச் சுற்றி ஒரு சிவப்பு வரம்பு. "ஆறுற நேரம் சிவக்கும்தானே" என்றான்.

"மணமும் ஒரு மாதிரி ஈக்கி."

"அது மருந்து மணம், ராத்தா."

பதினான்கு படம் எடுத்தான். துணிக் கடைக்காரனுக்கு வெளிச்சத்தின் வித்தை தெரியும். கடைக்குள் மண்ணிறமாகத் தெரியும் சீலை வாசலில் சிவப்பாகத் தெரியும். எதை எங்கே வைத்துக் காட்டுவது என்பது அவனுக்குப் பதினைந்து வருஷத் தொழில். கையை இப்படித் திருப்பினால் சிவப்பு வரம்பு நிழலில் போனது. அப்படித் திருப்பினால் மஞ்சள் பளபளப்பு மருந்து மாதிரித் தெரிந்தது. அவன் வேண்டுமென்று மறைக்கவில்லை. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். பிள்ளை அழுகிறாள், அவள் கை அசைகிறது, அதில் எது நன்றாக விழுந்ததோ அதை அனுப்புகிறேன், அவ்வளவுதான். பதினான்கில் ஒன்பதாவது படத்தில் காயம் முழுக்க வெளிறிய ரோஸ் நிறத்தில் இருந்தது. முழங்கையின் உட்பக்கம் அதில் விழவே இல்லை.

அதை அனுப்பினான்.

இந்த முறை பதில் வர ஒரு மணித்தியாலம் ஆனது. அந்த ஒரு மணித்தியாலமும் அவன் மேலும் கீழுமாகப் படியேறி இறங்கினான். ஒருமுறை மற்றப் படங்களையும் அனுப்பலாம் என்று தெரிவு செய்து, பிறகு விட்டுவிட்டான். கடைசியில் வந்தது: "நல்லம். உட்பக்கமும் இருந்தால் அனுப்புங்கோ."

அவன் "சரி டொக்டர்" என்று எழுதினான். கட்டு அப்போதே போட்டாயிற்று. திரும்ப அவிழ்த்தால் பிள்ளைக்குத்தான் வேதனை என்று நினைத்துக்கொண்டான். பழைய பதின்மூன்று படங்களும் போனில்தான் இருந்தன. அவற்றை அவன் அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் றமீலா வீடியோவில் கூப்பிட்டாள். இதற்கு மேல் வெட்ட முடியாது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, போனை ஸனாவின் பக்கம் திருப்பினான்.

ஸனாவுக்குப் போன் என்றால் உயிர். கமராவைக் கண்டால் பல்லைக் காட்டி, கண்ணைச் சுருக்கி, இரண்டு விரலைத் தூக்குவாள். அன்று போன் தன் பக்கம் திரும்பியதும் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டாள். "வேணாம் வாப்பா! படம் வேணாம்!"

"என்ன மகள்? உம்மா இது. உம்மாவப் பாருங்க" என்றாள் றமீலா. அவளுக்குப் பின்னால் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள்.

"வேணாம்! நோகுது!"

அரூஸ் போனைத் தன் பக்கம் திருப்பினான். "வம்புக்கு ஈக்கிறா. கொஞ்சம் தடிமன்."

றமீலா போனைக் கிட்டப் பிடித்தாள். "அவ ஏன் போனக் கண்டு பயப்படுறா?"

"பயமொண்டும் இல்ல."

"எங்க நோகுதாம்?"

"தொண்ட நோகுதெண்டு சொன்ன." பொய் இவ்வளவு இலகுவாக வாயில் வருவது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. றமீலா மேற்கொண்டு கேட்கவில்லை. வாப்பாவைத் தொழ அழைத்துப்போக வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தாள். ஆனால் வைக்கும்போது ஸலாம் சொல்லவில்லை.

ஸனாவின் நெற்றி சுட்டது. பனடோல் பாணி கொடுத்தான். மழைச் சளி, தடிமன்தான் என்று ஜெஸீமாவிடமும் சொன்னான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "டொக்டர் காய்ச்சல் வந்தா வரச் சொன்னதானே?" என்றாள். "படம் பாத்திட்டு நல்லமெண்டு சொன்னதானே" என்றான் அவன். "படத்தையா காய்ச்சல் புடிச்சீக்கி?" என்று கேட்டுவிட்டு அவள் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். பனடோலுக்குக் காய்ச்சல் இறங்கியது. அவன் சொன்னது சரி என்பதுபோல.

திங்கட்கிழமை காலை ஸனா கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் முனகினாள். உடம்பு கொதித்தது. ஜெஸீமா யாரையும் கேட்காமல் கட்டை அவிழ்த்தாள். இந்த முறை பிள்ளை கெஞ்சவும் இல்லை. அதுதான் அரூஸை உலுக்கியது. உட்பக்கத்துச் சிவப்பு மேற்கையை நோக்கி ஏறியிருந்தது. அந்த மணம் மருந்து மணம் இல்லை என்று இப்போது யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கஜாலினிக்கு அழைத்தான். எடுக்கவில்லை. போனைத் தூக்கி ஒரே ஒரு படம் எடுத்தான், காயத்துக்கு நேரே, எந்தப் பக்கமும் திருப்பாமல். அனுப்பினான். பிறகு, ஏன் என்று யோசிக்காமல், சனிக்கிழமை எடுத்த பதின்மூன்றையும் அனுப்பினான்.

உடனே போன் அடித்தது.

"இதெல்லாம் எப்ப எடுத்தது?"

"சனிக்கிழமை, டொக்டர்."

மறுபக்கத்தில் ஒரு மூச்சு கேட்டது. "சனிக்கிழமையே கிடந்ததோ? எனக்கு ஏன் அனுப்பேல்லை?"

அரூஸ் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பிள்ளையைத் தூக்கினான்.

"சரி. இப்ப உடன வெளிக்கிடுங்கோ. சாப்பிட ஒண்டும் குடுக்காதேங்கோ. நான் வார்டுக்குச் சொல்லிவைக்கிறன்."

திங்கட்கிழமைக் காலை நெரிசல். பாலத்தில் வாகனங்கள் அசையாமல் நின்றன. ஸனா ஜெஸீமாவின் மடியில் கண்ணை மூடிக் கிடந்தாள். அரூஸ் த்ரீவீலரிலிருந்து இறங்கி, முன்னால் நடந்து, ஒரு பஸ் சாரதியிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டான். அவர் பின்னால் கொஞ்சம் எடுத்து வழிவிட்டார். ஓடிவந்து ஏறினான். ஒவ்வொரு சந்தியிலும் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு இருந்தது, சின்னதாக, சூடாக.

வார்டில் கையிலும் காலிலும் நரம்பு தேடினார்கள். மூன்றாவது குத்தலில்தான் கிடைத்தது. இரண்டு வகை மருந்து ஏறத் தொடங்கியது. கஜாலினி அவனை விறாந்தைக்கு அழைத்துப்போனார்.

"கிருமி தொத்தியிருக்குது. மருந்துக்குக் கேக்குதோ எண்டு ரெண்டு நாள் பாக்கவேணும். கேக்காட்டி தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்யவேண்டி வரும். பிறகு துடையில இருந்து தோல் எடுத்து வைக்கிறதும் வரலாம். இப்ப ஒண்டும் சொல்லேலாது."

"டொக்டர், நான்..."

"அவவின்ர அம்மாவுக்குத் தெரியுமே?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். கஜாலினி கையுறைகளைக் கழற்றினார். "எனக்கு நீங்கள் அனுப்பின படத்தை வைச்சுத்தான் நான் நல்லம் எண்டு சொன்னனான். உட்பக்கம் கேட்டும் வரேல்லை எண்டு தெரிஞ்சும் பேசாம இருந்திட்டன். அது என்ர பிழையும்தான்" என்றார். பிறகு யாரோ கூப்பிட, போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அரூஸுக்குத் தோன்றியது.

கன்டீனுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்து போனை எடுத்தான். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில் அன்று காலை எடுத்த படத்தை றமீலாவுக்கு அனுப்பினான். கீழே, "ஸனாட கை. போன கிழமை ஞாயிறு சுடுதண்ணி பட்ட. என்ட பிழை. இப்ப ஆஸ்பத்திரில" என்று எழுதினான். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. அவள் உடனே கூப்பிடவில்லை. அவன் திரையை அணைய விடாமல் விரலால் தொட்டுக்கொண்டே இருந்தான்.

கூப்பிட்டபோது அவள் குரல் கட்டையாக இருந்தது.

"இதவிட மோசமான படம் ஈக்குதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். "ஈக்கி. முதல் நாள் வார்டில எடுத்த."

"அனுப்புங்க."

"றமீலா, அதப் பாத்து..."

"எல்லாத்தையும் அனுப்புங்க. நீங்க தெரிவு செஞ்சு தர வேணாம். எட்டு நாளா தெரிவு செஞ்சு தந்தது போதும்."

அனுப்பினான். போனில் அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"நோகுற நேரம் என்னக் கேட்டாளா?"

"கேட்ட."

"நீங்க என்ன சொன்ன?"

"உம்மா தொழுறா, முடிச்சிட்டு வருவா எண்டு சொன்ன."

அவள் அழைப்பை வெட்டிவிட்டாள்.

பயணக் குழுத் தலைவரிடம் கேட்டும் டிக்கெட்டை முன்னுக்கு மாற்ற முடியவில்லை. இதை ஜெஸீமாதான் அவனுக்குச் சொன்னாள். றமீலா இப்போது ராத்தாவோடுதான் பேசினாள். மணிக்கொரு தடவை கூப்பிட்டாள். ஜெஸீமா போனை ஸனாவின் காதில் வைப்பாள், திரையைக் காட்டாமல். றமீலா ஓதுவது சின்னதாகக் கேட்கும். அரூஸ் கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்று கேட்பான். அவனிடம் கொடுக்கும்படி அவள் ஒருமுறையும் சொல்லவில்லை.

செவ்வாய் முழுக்கக் காய்ச்சல் ஏறி இறங்கியது. சிவப்பின் விளிம்பில் தாதி பேனையால் கோடு போட்டிருந்தாள், அது கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க. அரூஸ் பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனதும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பான். பின்னேரம் ஒரு இடத்தில் தாண்டியிருந்தது போல இருந்தது. தாதியைக் கூப்பிட்டான். "ஒஹொம தமாய், மாத்தயா, வெனசக் நே" என்றாள் அவள். அப்படியேதான் இருக்கிறது, மாற்றமில்லை என்று. அவனால் நம்ப முடியவில்லை. தன் கண்ணை நம்புவதா, அவள் சொல்வதை நம்புவதா என்று தெரியாமல் வெளியே போய் நின்றான். எத்தனையோ பேர் அந்த விறாந்தையில் நின்றார்கள். யாருடைய முகத்தையும் அவன் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஸனா எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில் பிள்ளையின் யோகட்டைக் காட்டித் தனக்கும் வேண்டும் என்றாள். ஜெஸீமா விறாந்தைக்கு ஓடிவந்து சொன்னாள். சிவப்பு கோட்டுக்கு உள்ளே இறங்கியிருந்தது. அரூஸ் யோகட் வாங்கக் கன்டீனுக்குப் போய், ஒன்றுக்குப் பதில் நான்கு வாங்கி வந்தான்.

தோல் எடுத்து வைக்கத் தேவைப்படவில்லை. ஆனால் முழங்கையின் உட்பக்கத்தில் ஆழமாகப் போய்விட்டது என்றும், ஆறும்போது தோல் இறுகும் என்றும், கை மடிந்தபடியே நிற்காமலிருக்க ஒவ்வொரு நாளும் நீட்டி மடக்கிப் பழக்க வேண்டும் என்றும் கஜாலினி சொன்னார். நோகும். நோகாமல் முடியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் றமீலா கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து நேரே வார்டுக்கு வந்தாள். உம்மாவையும் வாப்பாவையும் வான் வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அரூஸ் கட்டிலருகே நின்றான். அவள் அவனைக் கடந்து போய், கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளையின் தலையை முகர்ந்தாள். அழவில்லை.

"உம்மா" என்றாள் ஸனா, "நான் வாப்பாக்குத் தேத்தண்ணி ஊத்தின."

றமீலா அப்போதுதான் திரும்பி அரூஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. இவ்வளவு நாளும் சுமந்துவந்த கோபம். அதோடு வேறொன்றும் இருந்தது. அவன் எவ்வளவு மெலிந்துபோயிருக்கிறான் என்று கண்டுவிட்டாள்.

ஸனாவை வீட்டுக்கு விட்டபின் றமீலா எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள். கட்டு அவிழ்ப்பது, கழுவுவது, மருந்து. கிளினிக்குக்கும் அவளே போனாள். அரூஸ் கடையில் இருந்தான். மேலே பிள்ளை அழும் சத்தம் கேட்டால் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு நிற்பான். ஏறிப் போக மாட்டான். அவன் கிட்ட வந்தாலே ஸனா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அவன் சட்டைப்பையில் போன் இல்லாவிட்டாலும் ஒளித்தாள்.

கட்டு முழுவதும் கழன்றபின், நீட்டி மடக்கும் பயிற்சி தொடங்க வேண்டிய நாள் வந்தது. அன்று காலை றமீலா கடைக்கு இறங்கி வந்தாள். கடையில் அவர்கள் இருவரும்தான்.

"மேல வாங்க. கை நீட்ட வேணும்."

"நீங்கதானே எல்லாம்..."

"நான் இல்ல. நீங்க செய்யணும்."

"அவ என்னக் கண்டாலே பயப்படுறா, றமீலா."

"அதனாலதான் சொல்றேன்." அவள் குரல் உயரவில்லை. "அவ இப்பிடியே உங்களுக்குப் பயந்து வளர ஏலாது. நான் உங்களோட கோபம். அது வேற. அது என்ட பாடு."

அவன் போனை மேசையில் வைத்துவிட்டுப் படியேறினான்.

முதல் நாள் ஸனா வீடே அதிரக் கத்தினாள். இரண்டு முறைக்கு மேல் நீட்ட முடியவில்லை. அரூஸ் அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே போய், வீதியைக் காட்டி, அவள் விம்மல் அடங்கும்வரை நின்றான். றமீலா குசினி வாசலில் நின்று பார்த்தாள், உள்ளே வரவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவன் நீட்டுவதற்கு முன், "எத்தின தரம் மகள்? நீங்க சொல்லுங்க" என்று கேட்டான். அவள் யோசித்து, "மூணு" என்றாள். மூன்றோடு நிறுத்தினான். அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள், உண்மையிலேயே நிறுத்திவிட்டானா என்று.

மாதம் ஒன்று போனது. இப்போது அவளே கையை அவனிடம் தருகிறாள், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு. தழும்பு மினுங்குகிறது, முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு தடித்த மடிப்பு. றமீலா அவனோடு பேசத் தொடங்கியிருக்கிறாள். தேவையானதைப் பேசுகிறாள். சில நாள் அதற்கு மேலும் ஒரு வார்த்தை வரும். அரூஸ் கடை திறப்பதற்கு முன் ஒவ்வொரு காலையும் பாயில் உட்கார்ந்து, அந்தச் சின்ன மணிக்கட்டை ஒரு கையிலும் தோளை மற்றக் கையிலும் பிடித்து, மெல்ல மெல்ல நீட்டுகிறான். கை முழுவதும் நீளவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

"இண்டைக்கு எத்தின?" என்று கேட்கிறான்.

"ஏழு" என்கிறாள் ஸனா, பல்லைக் கடித்துக்கொண்டு.